டோக்கியோவில் பிரெட், காபி, அவசரச் சாப்பாடு: எதைக் கடையில் வாங்கலாம், எதை வீட்டிலேயே செய்யலாம்?

வேலைக்காக டோக்கியோ வந்து இறங்கும் நம்மவர்கள் பலர், முதல் மாதத்தில் வெளிநாட்டவருக்கான சூப்பர் மார்க்கெட்டைத் தேடிப்போய் இரண்டு மடங்கு விலையில் பிரெட் வாங்குகிறார்கள். காபிக்கு மட்டும் பக்கத்துக் கடையில் கிடைத்ததைக் குடித்துவிட்டு மனசு ஆறாமல் இருக்கிறார்கள். இதை அப்படியே திருப்பிப் போடுவதுதான் சரி. அன்றாட பிரெட்டைச் சாதாரணக் கடையில் வாங்கினாலே போதும், நன்றாக இருக்கும். பால் காபியோ வீட்டில் போட்டால்தான் வாய்க்குப் பிடிக்கும். அவசரச் சாப்பாட்டில் ருசி இரண்டாம்பட்சம். நீங்கள் எதையெல்லாம் சாப்பிட மாட்டீர்கள் என்பதைப் பொறுத்தே கடை முடிவாகும்.

பிரெட்: பாக்கெட்டில் உள்ள எண்

சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் வெள்ளை பிரெட்டுக்கு ஷொகுபான் என்று பெயர். பாக்கெட்டின் மேல் 4, 5, 6, 8 என்று பெரிதாக ஓர் எண் இருக்கும். ஒரே பிரெட்டை எத்தனை துண்டாக வெட்டியிருக்கிறார்கள் என்பதைத்தான் அது சொல்கிறது. எடையும் விலையும் மாறாது. ஒரு ‘கின்’ என்று விற்கும் பிரெட் 340 கிராமுக்குக் குறையக் கூடாது என்று அங்கே விதி உண்டு. அதன் நீளம் சுமார் 12 செ.மீ. ஆகவே 6 என்றால் ஒரு துண்டு 2 செ.மீ. தடிமன், 8 என்றால் ஒன்றரை செ.மீ.; 4 என்றால் 3 செ.மீ. டோக்கியோ பக்கம் 6, 8 அதிகம் விற்கும். ஒசாகா, கியோட்டோ பக்கம் போனால் 5, 4 அதிகம்.

நம் சமையலுக்கு 8தான் பொருந்தும். பிரெட் ஆம்லெட்டுக்கு 6 துண்டு பாக்கெட்டை வாங்கினால் முட்டை மேலேயே தங்கிவிடும், நடுவில் மாவு மாதிரி மெத்தென்று இருக்கும். பிரெட் உப்புமாவுக்கும் 8ஐ எடுத்து, முதலில் டோஸ்டரில் நன்றாக வறட்டி, பிறகு பிய்த்துப் போட வேண்டும். அப்படியே போட்டால் தாளிப்பில் பட்டதும் களியாகிவிடும். காரணம் அந்த பிரெட் செய்யும் முறை. பாஸ்கோ நிறுவனம் 1998 முதல் விற்கும் ‘சோஜுகு’ போன்ற வகைகளில் மாவின் ஒரு பகுதியைக் கொதிநீரில் பிசைந்து சேர்க்கிறார்கள், யுதானே என்பார்கள். மாவுச்சத்து முன்பே வெந்து தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் இரண்டு மூன்று நாளானாலும் மெத்தென்று இருக்கும். லேசான இனிப்பும் வரும். பாக்கெட்டுக்கு 150 முதல் 250 யென் வரை ஆகும். இந்த விலைக்கு இவ்வளவு சீரான பிரெட் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

தனியாக இருப்பவர் வீட்டில் ஒரு பாக்கெட் ஒரு வாரம் வரும். அதைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். 0 முதல் 4 டிகிரியில்தான் மாவுச்சத்து மிக வேகமாக இறுகி பிரெட் வறண்டு போகும். வாங்கிய அன்றே ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். உறைந்த துண்டை உருக விடாமல் அப்படியே 1000 வாட் டோஸ்டரில் 3 முதல் 4 நிமிடம் வைத்தால் மேலே மொறுமொறுப்பாகவும் உள்ளே ஈரமாகவும் வரும்.

சைவர்கள் பின்பக்கத்தைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். சில வகைகளில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். ‘ராடோ’ என்று எழுதியிருக்கும். முட்டை, பால் இருந்தால் கட்டாயம் அச்சிட வேண்டும் என்பது ஜப்பானியச் சட்டம். ஒவ்வாமைப் பட்டியலில் பன்றி, மாடு, ஜெலட்டின் ஆகியவற்றைக் குறிப்பிடுவது பரிந்துரை மட்டுமே. எனவே அங்கே ‘பன்றி’ இல்லை என்பதை வைத்து முடிவு செய்யாமல், செல்பேசிக் கேமராவின் மொழிபெயர்ப்பை வைத்து சேர்மானப் பட்டியல் முழுவதையும் ஒருமுறை படித்துவிடுங்கள். பிடித்த ஒரு வகையைக் கண்டுபிடித்துவிட்டால் பிறகு இந்த வேலை இல்லை.

கோதுமை பிரெட் தேடுபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பழுப்பு நிறமும், ‘ஸென்ரியூஃபுன்’ (முழுக்கோதுமை மாவு) என்ற சொல்லும் பாக்கெட்டில் இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தச் சொல்லோடு ‘இரி’ சேர்ந்திருந்தால் ‘கலந்தது’ என்று பொருள். எவ்வளவு கலந்தது என்பதைச் சேர்மான வரிசைதான் சொல்லும். எடை அதிகமானது முதலில் வரும். சாதாரண மாவு, சர்க்கரை எல்லாம் வந்த பிறகு முழுக்கோதுமை வந்தால், அது நிறத்துக்குச் சேர்த்ததுதான்.

பேக்கரிக்குப் போக வேண்டிய நேரம்

முறுகலான ஓடு, புளிப்பு, ரை மாவு, இவை வேண்டுமானால் சூப்பர் மார்க்கெட்டை விட்டு பேக்கரிக்குத்தான் போக வேண்டும். ஜப்பானில் பிரெஞ்சு பிரெட்டுக்கு வேர் ஆழம். ரேமோன் கால்வெல் என்ற பிரெஞ்சு ரொட்டி நிபுணர் 1954இலேயே வந்து செய்முறை காட்டிப் போனார். 1965இல் வந்த பிலிப் பிகோ அங்கேயே தங்கிப் பலருக்குக் கற்றுக்கொடுத்தார். கோபேயில் 1905இல் தொடங்கிய டோங்க் பேக்கரி இன்று பல டிபார்ட்மென்ட் ஸ்டோர்களின் அடித்தளத்தில் இருக்கிறது. மெஸோன் கெய்ஸர், பால் (Paul) போன்ற பிரெஞ்சு பேக்கரிகளும் உண்டு. பகெத் (நீளமான பிரெஞ்சு பிரெட்), காம்பான்யு (நாட்டுப்புற பிரெஞ்சு பிரெட்) போன்றவற்றை ‘ஹார்ட் வகை’ என்று தனியாக அடுக்கியிருப்பார்கள்.

பெரும்பாலான கடைகளில் நடைமுறை ஒன்றே. வாசலில் தட்டும் இடுக்கியும் எடுத்துக்கொண்டு நாமே பொறுக்க வேண்டும். எந்த பிரெட் எத்தனை மணிக்கு அடுப்பிலிருந்து வரும் என்று பல கடைகளில் எழுதி ஒட்டியிருக்கும். அந்த நேரத்துக்குப் போங்கள். ஷொகுபானை ‘ஹச்சி-மாய்’ (8 துண்டு) என்று சொன்னால் இலவசமாக வெட்டிக் கொடுப்பார்கள். அப்போதுதான் வெந்து வந்ததாக இருந்தால் வெட்ட மாட்டார்கள், வெட்டினால் நசுங்கிவிடும். பகெத் அன்று மாலைக்குள் ரப்பராகிவிடும். பாதியை உடனே வெட்டி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். தனியார் பேக்கரிகள் பல திங்கள் அல்லது செவ்வாய் மூடியிருக்கும்.

காரெபான் என்ற பொரித்த கறி பன்னை நம் ஊர் வெஜ் பஃப் மாதிரி நினைத்து வாங்கிவிடாதீர்கள். உள்ளே பெரும்பாலும் கொத்துக்கறி இருக்கும். அன்பான் (இனிப்புப் பயறு வைத்தது) சைவருக்கு ஓரளவு நிம்மதி. மேலே முட்டை தடவியிருக்கலாம்.

ஹிரோவில் உள்ள நேஷனல் அஸாபு, அஸாபு-ஜூபானில் உள்ள நிஸ்ஸின் போன்ற வெளிநாட்டவர் சூப்பர் மார்க்கெட்டுகள் ரை பிரெட், டார்ட்டில்லா, சீஸ் ஆகியவற்றுக்கு நல்லவை. வெள்ளை பிரெட்டுக்காக அவ்வளவு தூரம் ரயிலேறுவது வீண். காஸ்ட்கோவில் டின்னர் ரோலும் பேகலும் மலிவு. ஆனால் பாக்கெட் பெரியது, உறுப்பினர் கட்டணம் உண்டு, டோக்கியோவின் சின்ன ஃப்ரீசரில் இடம் கிடைக்காது. நான்கு பேர் குடும்பமும் காரும் இருந்தால் மட்டும் அதை யோசிக்கலாம்.

பிரெட் மெஷின் வாங்கலாமா?

இரண்டு ஆண்டுக்கு மேல் தங்குபவர், முழுக்கோதுமை மாவு கணிசமாகச் சேர வேண்டும் என்பவர், முட்டையும் பன்றிக் கொழுப்பும் இல்லை என்ற உறுதி வேண்டும் என்பவர், இவர்களுக்கு மெஷின் லாபம். மற்றவர்களுக்கு வேண்டாம். வீட்டு பிரெட் மெஷின் பிறந்ததே ஜப்பானில்தான், 1987இல். அதனால் பழைய சாமான் கடைகளில் நல்ல நிலையில் கிடைக்கும். 100 வோல்ட்டில் ஓடும் இந்த மெஷின் ஊருக்கு எடுத்துப்போனால் பயன்படாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஒரு கின்னுக்கு அளவு: கியோரிகிகோ (அதிகப் புரதமுள்ள மாவு) 250 கிராம், தண்ணீர் 180 மி.லி., வெண்ணெய் 10 கிராம், சர்க்கரை 17 கிராம், பால்பவுடர் 6 கிராம், உப்பு 5 கிராம், உலர் ஈஸ்ட் சுமார் 2.8 கிராம். மாவின் பெயரைச் சரியாகப் பாருங்கள். பக்கத்திலேயே அடுக்கியிருக்கும் ஹகுரிகிகோ கேக் மாவு. அதில் பிரெட் எழும்பாது. அறை 25 டிகிரிக்கு மேல் போனால் 5 டிகிரி குளிர்ந்த தண்ணீரை 170 மி.லி. மட்டும் ஊற்றுங்கள். டோக்கியோவின் ஆகஸ்ட் மாதத்தில் இதைச் செய்யாவிட்டால் ஈஸ்ட் முன்கூட்டியே பொங்கி, சூட்டில் நடுப்பகுதி குழிந்துவிடும்.

நம் ஆட்டா மாவைக் கலப்பதாக இருந்தால் 250 கிராமில் 75 கிராமோடு நிறுத்திக்கொண்டு, தண்ணீரை 10 மி.லி. கூட்டுங்கள். தவிட்டுத் துணுக்குகள் மாவின் பசை இழைகளை அறுத்துவிடுவதால் அதற்கு மேல் போனால் செங்கல்தான். வெந்ததும் பாத்திரத்தை ஒருமுறை மேசையில் தட்டி, உடனே பிரெட்டை வெளியே எடுங்கள். உள்ளேயே விட்டால் ஆவி தங்கி இரு பக்கமும் உள்வாங்கும். மாவு, ஈஸ்ட் எல்லாம் தோமிஸாவா ஷோதென் என்ற பேக்கிங் பொருள் கடையின் கிளைகளில் சின்னப் பாக்கெட்டிலும் கிடைக்கும்.

காபி: கறுப்பா, பாலா?

கறுப்புக் காபி குடிப்பவருக்கு டோக்கியோவில் எந்தக் குறையும் இல்லை. செவன் இலெவன் 2013இல் 100 யென்னுக்குத் தொடங்கிய காபி, விலை ஏறிய பிறகும் அந்தக் காசுக்கு மிக நல்லது. ஒவ்வொரு கப்புக்கும் கொட்டையை அப்போதே அரைத்து வடிக்கிறது மெஷின். சூடானது வேண்டுமென்றால் கல்லாவில் ‘ஹொட்டோ, ஆர்’ (சூடானது, சாதாரண அளவு) என்று சொல்லிப் பணம் கட்டி, கப்பை வாங்கி மெஷினில் வைக்க வேண்டும். குளிர்ந்ததுக்கு, ஐஸ் போட்ட கப்பை முதலில் ஃப்ரீசரிலிருந்து எடுத்து வந்து பணம் கட்ட வேண்டும்.  2019 அக்டோபர் முதல் எடுத்துப் போனால் 8%, கடையிலேயே உட்கார்ந்து குடித்தால் 10% வரி. உட்காரப் போகிறீர்கள் என்றால் கல்லாவில் சொல்லிவிடுவதே முறை.

உட்கார்ந்து குடிக்க ஆசையானால் கிஸ்ஸாதென் எனப்படும் பழைய பாணி காபிக் கடைகள். கப் 500 முதல் 700 யென். 1968இல் நகோயாவில் தொடங்கிய கொமேதா போன்ற கடைகளில் காலை 11 மணிக்குள் போனால், காபி விலையிலேயே டோஸ்டும் அவித்த முட்டையும் வரும். காலைச் சாப்பாட்டையும் சேர்த்துப் பார்த்தால் அது மலிவுதான்.

பால் காபி என்று வரும்போதுதான் சிக்கல். காபியோடு வரும் குட்டிக் கிண்ணத்தில் இருப்பது பெரும்பாலும் தாவர எண்ணெயில் செய்த க்ரீம், பால் கிடையாது. காபி நீர்த்து வெளுக்கும், திடம் வராது. வெளியே குடித்தே ஆக வேண்டும் என்றால் லாத்தேயைவிட ‘கஃபே ஓரே’ கேளுங்கள். வடித்த காபியும் சூடான பாலும் கிட்டத்தட்டச் சரிபாதி சேர்ந்தது. நம் காபிக்கு அதுதான் நெருங்கிய சொந்தம். ஆனால் கப் 400 யென் என்று வைத்து நாளுக்கு இரண்டு குடித்தால் மாதம் 24,000 யென். அதனால்தான் பால் காபிக்காரர் வீட்டில் ஃபில்டர் வைத்தே ஆக வேண்டும்.

ஃபில்டரை ஊரிலிருந்து கொண்டு வாருங்கள். சிக்கரி கலந்த தூள் நிஷி-கசாய், ஒகாச்சிமாச்சி, ஷின்-ஒகுபோ பக்கத்து இந்தியக் கடைகளில் கிடைக்கும். வறுத்த காபித் தூளைப் பெட்டியில் கொண்டு வருவதற்கும் தடையில்லை. இங்கேயே வாங்குவதானால் கால்டி போன்ற கடையில் ‘ஃபுகா-இரி’ (ஆழ்ந்த வறுவல்) கொட்டையைத் தேர்ந்து, ‘ச்சூ-போஸோ-பிகி’ (நடுத்தரத்தைவிடச் சற்று நைசு) என்று அரைக்கச் சொல்லுங்கள். எதுவும் சொல்லாவிட்டால் காகித ஃபில்டருக்கான நடுத்தர அரைப்புதான் கிடைக்கும். அதில் தண்ணீர் நிற்காமல் ஓடி டிகாஷன் வெளுத்துவிடும். மிக நைசாக அரைத்தாலோ துளைகள் அடைத்து ஒரு சொட்டும் இறங்காது.

சிக்கரித் தூள் என்றால் 30 கிராம், சிக்கரி இல்லாத தூள் என்றால் 40 கிராம். லேசாக அமுக்கி, கொதித்து அரை நிமிடம் ஆறிய தண்ணீர் 160 மி.லி. ஊற்றி 20 நிமிடம் விட்டுவிடுங்கள். முதல் டிகாஷன் மூன்று கப்புக்கு வரும். குழாய்த் தண்ணீரே போதும். டோக்கியோ தண்ணீர் சென்னை போர்வெல் தண்ணீரைவிட மிக மென்மையானது என்பதால் டிகாஷனில் புளிப்பு சற்று எடுப்பாகத் தெரியும். வறுவல் ஆழமாக இருக்க வேண்டும் என்பது இதற்காகவும்தான்.

பால் வாங்குவதில் பலர் தடுமாறுகிறார்கள். அலமாரியில் ஒரே மாதிரி பெட்டிகள் வரிசையாக நிற்கும். கொழுப்பு குறைத்தது, கொழுப்பு நீக்கியது, பால் பானம் எல்லாம் கலந்திருக்கும். எழுத்துத் தெரியாவிட்டாலும் அடையாளம் ஒன்று உண்டு. பெட்டியின் உச்சியில், மடித்து ஒட்டிய விளிம்பில், அரைவட்டமாக ஒரு சின்ன வெட்டு இருந்தால் அது எதுவும் சேர்க்காத, எடுக்காத முழுப்பால். பார்வையற்றவர்கள் தடவிப் பார்த்து அறிவதற்காக வைத்த குறி அது. திறக்கும் வாய்க்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும். எல்லா நிறுவனமும் போடுவதில்லை, ஆனால் இருந்தால் நம்பலாம். இன்னும் திடம் வேண்டுமென்றால் ‘தொக்குனோ’ என்று எழுதிய, க்ரீம் சேர்த்த வகை. பெரும்பாலான பால் 120, 130 டிகிரியில் சில விநாடி சுட்டது. அதனால் காய்ச்சும்போது வரும் வேறு மாதிரி வாசனை பிடிக்காதவர்கள், விலை கூடினாலும் 63 முதல் 65 டிகிரியில் 30 நிமிடம் பதப்படுத்திய ‘தேய்ஒன் சக்கின்’ பால் வாங்கிப் பாருங்கள். காபியின் ருசி அதிலேயே பாதி சரியாகிவிடும்.

வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தால், ஊரிலிருந்து வந்த அலுமினியப் பால் பாத்திரம் சூடாகாது. காந்தம் ஒட்டும் பாத்திரமா என்று பார்த்து வாங்குங்கள்.

அவசரச் சாப்பாடு

மாடு, பன்றி, மீன் எல்லாம் சாப்பிடுபவருக்கு இந்தப் பகுதி தேவையில்லை. எந்த ரயில் நிலையத்திலும் 500 யென் சுற்றுவட்டத்தில் சூடான சாப்பாடு கிடைக்கும். மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் என்பவர் யோஷினோயா, சுகியா, மத்ஸுயா வகை மாட்டுக்கறிச் சோற்றுக் கடைகளைவிட நக்காவுக்குப் போகலாம். கோழியும் முட்டையும் போட்ட ஓயாகோ-தோன் அங்கே பிரதான உணவு. குடும்ப உணவகங்களின் ‘ஹம்பாகு’வில் பெரும்பாலும் மாடும் பன்றியும் கலந்திருக்கும் என்பதால் இரண்டில் எதைத் தவிர்ப்பவரும் அதைத் தொட வேண்டாம்.

முழுச் சைவருக்கு முதலில் சொல்ல வேண்டியது மெக்டொனால்ட்ஸ் உருளைக்கிழங்கு வறுவலைப் பற்றி. ஜப்பானில் அதை மாட்டுக் கொழுப்பும் பாமாயிலும் கலந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள். குழந்தைகளுக்கு ‘வறுவல் மட்டும்தானே’ என்று வாங்கிக் கொடுக்கும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மோஸ் பர்கர் 2020இல் இறைச்சி, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காத க்ரீன் பர்கரைக் கொண்டு வந்தது. மெனு மாறிக்கொண்டே இருக்கும், கிளையில் கேட்டுவிட்டுப் போங்கள். சப்வேயில் வெஜி டிலைட் உண்டு. சாஸை மட்டும் கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆனால் பர்கர் கடைகளைவிடச் சைவருக்குக் கைகொடுப்பது கறிச் சோற்றுக் கடையான கோகோ இச்சிபான்யா. அதில் விலங்குப் பொருள் சேராத காய்கறிக் குழம்பு தனியாக உண்டு. எல்லாக் கிளையிலும் இருக்காது. சோற்றின் அளவைக் கிராமில் சொல்லலாம், காரத்தை எண்ணில் சொல்லலாம். 5க்கு மேல் கேட்க, முன்பு 5 சாப்பிட்டிருக்க வேண்டும் என்பது கடையின் விதி. நம் நாக்குக்கு 3இல் தொடங்குவது சரி. மேலே கத்தரிக்காய், கீரை போட்டுக்கொள்ளுங்கள். பொரித்த வகைகள் இறைச்சி பொரித்த எண்ணெயிலேயே வரும்.

உதோன், சோபா எனும் நூடுல்ஸ் கடைகளில் காய்கறி மட்டும் போட்ட கிண்ணம்கூட மீன் சாறில்தான் மிதக்கும். கட்ஸுவோ மீனைக் காயவைத்துச் சீவி எடுத்த ‘தாஷி’ அது. கொம்பினியில் (செவன் இலெவன் போன்ற கடை) விற்கும் இனாரி-ஸுஷியின் டோஃபு உறையும் அதில் ஊறியதே. அங்கே பசிக்குப் பிடிக்க உப்பு மட்டும் போட்ட ஒனிகிரி (சோற்று உருண்டை), சுட்ட சர்க்கரைவள்ளி, எதமாமே (பச்சை சோயா), வாழைப்பழம், தயிர் உண்டு. புளிப்பு உமேபோஷி (ஊறுகாய்ப் பழம்) வைத்த ஒனிகிரியில் மீன் சத்து சேர்ந்திருக்கலாம், சேர்மானத்தைப் பாருங்கள்.

‘நான் வெஜிடேரியன்’ என்று சொன்னால் பல கடைகளில் இறைச்சித் துண்டை மட்டும் எடுத்துவிட்டு ஹாமையும் தாஷியையும் விட்டுவிடுவார்கள். அதற்குப் பதிலாக ‘நிகு மொ சகனா மொ தபெமசென். ஹாமு மொ கட்ஸுவோ தாஷி மொ தமெ தெஸ்’ என்று சொல்லுங்கள்: இறைச்சியும் மீனும் சாப்பிடுவதில்லை, ஹாமும் மீன் சாறும் கூடாது. பொருளைப் பெயர் சொல்லிக் கேட்டால் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து நேர்மையாகப் பதில் சொல்வார்கள். ‘முடியாது’ என்றால் வற்புறுத்தாமல் கிளம்பிவிடுங்கள். சாறு ஏற்கெனவே அண்டாவில் தயாராக இருக்கும், ஒருவருக்காக மாற்ற வழியில்லை.

ராமென் ஆசை இருக்கும் சைவர் டோக்கியோ நிலையத்தில் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) நுழைவாயிலுக்கு உள்ளே, கேய்யோ ஸ்ட்ரீட்டில் இருக்கும் டீ’ஸ் தான்தானுக்குப் போகலாம். இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லாத எள் குழம்பு நூடுல்ஸ். வெளியிலிருந்து வருபவர் நிலைய நுழைவுச் சீட்டு எடுக்க வேண்டும். சீட்டு இரண்டு மணி நேரம்தான் செல்லும் என்பதால், மதியம் 12 முதல் 1 வரை வரிசை நீளும் நேரத்தைத் தவிர்த்துப் போங்கள்.